சங்கக் கூட்டத்திற்கு வந்த யந்திரம்



வீட்டுடையோர் சங்கம் என்றதும் நம்மிற் பலருக்குக் கொழும்பிலுள்ள தொடர்மாடி வீடுகளே நினைவுக்கு வரும். வெள்ளவத்தையில் ஒரு மாடிக் கட்டடத்தில் நாற்பது குடும்பங்கள் குடியிருந்தால், படிக்கட்டு யாருக்குச் சொந்தம், தண்ணீரை மேலேற்றும் பம்பிக்கு மின்கட்டணம் கட்டுபவர் யார், காவலாளிக்குச் சம்பளம் கொடுப்பவர் யார் என்ற கேள்விகள் எழாமற் போகா. அத்தகைய கட்டடங்களில் வீட்டுக்கு வீடு தனியுரிமையும், பொதுவானவற்றில் கூட்டுரிமையும் அமைவதற்கு 1973 ஆம் ஆண்டின் 11 ஆம் இலக்கச் சட்டமும் அதன் பின்வந்த திருத்தங்களும் வழிசெய்தன. உரிமையாளர் எல்லோரும் உறுப்பினராயிருக்கும் முகாமைத்துவக் கூட்டுத்தாபனம் அங்கே பொதுக் காரியங்களைப் பார்க்கிறது.

எங்கள் தீவகத்தில் மாடிக் கட்டடங்கள் இல்லை. ஆனால் நான்கு வளவுக்குப் பொதுவான பங்குக் கிணறு உண்டு. இரண்டு வேலிகளுக்கிடையே ஓடும் ஒழுங்கை உண்டு. கேணி, குளம், மயானம், சனசமூக நிலையம் ஆகியன உண்டு. இவற்றைப் பராமரிக்கும் பொறுப்பைக் கிராம அபிவிருத்திச் சங்கமும், மாதர் சங்கமும், சனசமூக நிலையத்தின் நிர்வாக சபையும் பகிர்ந்துகொள்கின்றன. பெயர் எதுவாயினும் செய்யும் காரியத்தைப் பார்த்தால் இவையும் வீட்டுடையோர் சங்கங்களே. நெடுந்தீவில் முருகைக் கல்லடுக்கிய மதிலுக்கு இப்பாலும் அப்பாலும் இருப்பவர்களைச் சமாதானமாக வைத்திருப்பது, வெள்ளவத்தையில் மேல்மாடிக்காரரையும் கீழ்மாடிக்காரரையும் சமாதானமாக வைத்திருப்பதிலும் எளிதான வேலை என்று யாரும் எண்ணிவிட வேண்டாம்.

ஆனால் எங்களுக்கென்று ஒரு தனிச் சிக்கல் இருக்கிறது. எங்கள் சங்கங்களின் உறுப்பினரிற் பெரும் பங்கினர் ஊரில் இல்லை. 1990, 1991 ஆம் ஆண்டுகளில் தீவகத்தின் ஊர்கள் பல வெறுமையாயின. ஊர்காவற்றுறை, வேலணை, புங்குடுதீவு முதலிய இடங்களிலிருந்து புறப்பட்டவர்கள் யாழ்ப்பாணத்துக்கும் வன்னிக்கும் கொழும்புக்கும், பின்னர் கனடா, பிரான்சு, சுவிற்சர்லாந்து, இலண்டன் என்று கடல் கடந்தும் போயினர். வீடு இங்கே இருக்கிறது; வீட்டுக்குடையவர் ரொறன்ரோவில் இருக்கிறார்; வீட்டைப் பார்த்துக்கொண்டிருப்பவர் மூன்றாமவர். ஆகவே சங்கத்தின் கூட்ட அறிக்கை எங்களுக்கு வெறும் சம்பிரதாயமான காகிதம் அன்று. வராதவருக்கு அதுவே கண்ணும் காதும்.

இச்சங்கங்களுக்குள் செயற்கை நுண்ணறிவு என்னும் யந்திரம் புகுந்தது எப்படி, புகுந்தபின் என்ன செய்தது, அதனை எவ்வளவு தூரம் நம்பலாம் என்பதே இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள். நான் கணித ஆசிரியனும் அல்லன். கணினி கற்றவனும் அல்லன். கலைப் பட்டதாரி, தீவகத்தில் ஓர் அரசினர் பாடசாலையின் அதிபர். அதிபர் என்ற காரணத்தால் ஊர்ச் சங்கத்தின் போசகர் பதவியும் தலையில் ஏறியது. போசகரின் வேலை முன்வரிசைக் கதிரையில் இருப்பதும், கணக்கைப் பார்த்துக் கையொப்பமிடுவதும், சண்டை முற்றினால் எழுந்து நிற்பதுமே.

எங்கள் சங்கத்துக் காரியதரிசி என்னிடம் படித்த பிள்ளை. பகலில் தொழில், மாலையில் சங்க வேலை. கூட்ட அறிக்கை எழுதுவதென்றால் முன்பு அவருக்கு ஒரு கிழமை பிடிக்கும். 2022 ஆம் ஆண்டு நவம்பர் மாத இறுதியில் சற் ஜி.பி.ரி. என்ற யந்திரம் உலகத்தார் கைக்கு வந்தது. அடுத்து வந்த ஓரிரு ஆண்டுக்குள் அவ்வகை யந்திரங்கள் தமிழிலும் ஓரளவு நன்றாக எழுதத் தொடங்கிவிட்டன. தம்பி அதனைக் கைத்தொலைபேசியில் இறக்கிக்கொண்டார். அதன்பின் சந்தா நினைவூட்டற் கடிதம், பிரதேச செயலாளருக்கு விண்ணப்பம், நன்கொடையாளருக்கு நன்றிக் கடிதம் யாவும் நிமிடக் கணக்கில் எழுதப்பட்டன.

நன்மையை நன்மையென்றே சொல்ல வேண்டும். தமிழ் அரச கரும மொழியாக ஏற்கப்பட்ட பின்னரும் தென்னிலங்கை அலுவலகங்கள் சிலவற்றிலிருந்து எங்களுக்குச் சிங்களத்திலேயே கடிதம் வருவதுண்டு. முன்பெல்லாம் அக்கடிதத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, குறிகட்டுவானில் வள்ளத்தால் இறங்கி, பேருந்தேறி யாழ்ப்பாணம் போய், சிங்களம் தெரிந்த ஒருவரைத் தேடிப் பிடித்து, அவர் வாய்மொழியாகச் சொல்வதைக் கேட்டு வருவோம். ஒரு பகல் போய்விடும். இப்போது கடிதத்தைப் படம்பிடித்து யந்திரத்திடம் காட்டினால் அதன் பொருளை அங்கேயே சொல்லிவிடுகிறது. என்ன விடயம், எந்தத் திகதிக்குள் பதில் வேண்டும் என்றறிய இது போதும். மாதர் சங்கத்துத் தனாதிகாரி அக்கா ஒருவர், மூன்றாண்டுக் கணக்கை ஒழுங்குபடுத்தி வரவு வேறு, செலவு வேறு எனப் பிரித்தெடுக்க இந்த யந்திரத்தைத் துணையாகக் கொண்டார். பற்றுச்சீட்டு ஒவ்வொன்றையும் தாமே எடுத்துச் சரிபார்த்தார் என்பதையும் கூடவே சொல்ல வேண்டும்.

இனி, நடந்த ஒரு சங்கதியைச் சொல்கிறேன். ஊரின் பெயரும் ஆட்களின் பெயரும் வேண்டாம்.

மாரி தொடங்குமுன் ஒரு பொதுக்கூட்டம். இரண்டு வளவுகளுக்கிடையிலுள்ள கிளுவை வேலி சாய்ந்து ஒரு மூலை ஒழுங்கைக்குள் வந்துவிட்டது என்று அயல் வளவுக்காரர் முறைப்பாடு செய்தார். வேலிக்குரியவர் கனடாவில். வேலிப் பேச்சு எழுந்தால் எங்கள் ஊரில் கூட்டம் எப்படிச் சூடேறும் என்பதை யாழ்ப்பாணத்து நேயர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. வருடா வருடம் வேலி அடைக்கும்போது கதியால் ஒரு விரற்கடை நகர்ந்து, இருபது வருடத்தில் ஒரு முழம் போன கதைகள் எல்லோர் வீட்டிலும் உண்டு. எழுபது வயது கடந்த அப்பு ஒருவர் எழுந்து, "உந்த வேலியை இப்ப ஒதுக்கி வைப்பம். அவன்ர தம்பி வரட்டும். அடுத்த கூட்டத்தில பாப்பம்" என்றார். எல்லோரும் சிரித்துத் தலையசைத்தனர். அடுத்த விடயத்துக்குப் போனோம்.

கூட்டம் முழுவதையும் தம்பி தொலைபேசியில் ஒலிப்பதிவு செய்திருந்தார். அன்றிரவே அதனை யந்திரத்திடம் கொடுத்தார். மூன்று நிமிடத்தில் நான்கு பக்க அறிக்கை வந்தது. நல்ல தமிழ், இலக்கமிட்ட பந்திகள். நித்திரைக் கண்ணில் மேலோட்டமாகப் பார்த்துவிட்டு, வெளிநாட்டு உறுப்பினரும் இருக்கும் வாட்ஸ்அப் குழுவுக்கு அனுப்பிவிட்டுப் படுத்துவிட்டார்.

அதில் ஏழாம் இலக்கத்தில் இப்படி இருந்தது: ஒழுங்கையை அண்டியுள்ள வேலியை ஒதுக்கி வைப்பதென்றும், உரிமையாளரின் தம்பி வந்தபின் அடுத்த கூட்டத்தில் அதனைப் பார்வையிடுவதென்றும் ஏகமனதாகத் தீர்மானிக்கப்பட்டது.

பேச்சை ஒதுக்கி வைப்போம் என்றது, வேலியை ஒதுக்கி வைக்கும் தீர்மானமாகிவிட்டது. விடியுமுன் எனக்குத் தொலைபேசி வந்தது. ஸ்காபரோவிலிருந்து வேலிக்குரியவர். "மாஸ்டர், நான் இன்னும் உயிரோட இருக்கிறன். நீங்களெல்லாம் கூடியிருந்து என்ர வேலியைத் தள்ளிப்போட்டீங்களோ?" என்று கேட்டார். கோபத்திலும் பார்க்க அக்குரலில் வருத்தமே மிகுந்திருந்தது. அது என்னைச் சுட்டது. ஊரில் இல்லாதவன் சொத்து ஊராருக்குச் சொத்து என்ற பழிச்சொல்லுக்கு நாங்கள் ஆளாகிவிட்டோம்.

தம்பியைக் கூப்பிட்டேன். "சேர், நான் வடிவாய் வாசிக்காமல் அனுப்பிப்போட்டன்" என்று ஒப்புக்கொண்டார். திருத்தம் எழுதி அனுப்பினோம். அடுத்த கூட்டத்தில் அறிக்கையையும் திருத்தி நிறைவேற்றினோம். ஆனால் முதலில் போன பிரதி திரும்பி வராது. அயல் வளவுக்காரர் அதனை அச்செடுத்துப் பத்திரப்படுத்திவிட்டார் என்று பின்னர் கேள்விப்பட்டேன். இது சிறு விடயமன்று. ஒரு காணியைப் பத்தாண்டு தடையின்றித் தனக்கென ஆண்டவர் உரிமை கோருவதற்கு 1871 ஆம் ஆண்டின் 22 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் இடமளிக்கிறது. போர்க்காலத்தில் ஊர் வர இயலாதிருந்தவர்களின் இழப்பை எண்ணி 2016 ஆம் ஆண்டின் 5 ஆம் இலக்கச் சிறப்பேற்பாட்டுச் சட்டம் கொண்டுவரப்பட்டதும் இதனாலேயே. யார் வேலி எங்கே நின்றது, யார் சம்மதித்தார் என்பதற்குச் சங்க அறிக்கை ஒருநாள் சாட்சியாக நிற்கக்கூடும். அச்சாட்சியை உறக்கக் கலக்கத்தில் ஒரு யந்திரத்தின் வாயிலிருந்து நாங்கள் எழுதிவைத்தோம்.

யந்திரம் ஏன் இவ்வாறு செய்தது? கெட்ட எண்ணத்தினாலன்று. அதற்கு எண்ணமே இல்லை. மனிதர் எழுதிய எழுத்தை மலையளவு சேர்த்து, ஒரு சொல்லின் பின் எந்தச் சொல் வருவது வழக்கம் என்பதைக் கணித்துக் கணித்து எழுதும் பொறி அது. பல்லாயிரம் கூட்ட அறிக்கைகளின் அச்சு அதனுள் படிந்திருக்கிறது. அறிக்கை என்றால் தீர்மானம் வரும்; தீர்மானம் என்றால் ஏகமனதாக என்ற சொல் வரும். எங்கள் கூட்டத்தில் அந்தச் சொல்லை எவரும் உச்சரிக்கவில்லை. வழக்கமாக வரும் சொல் என்பதால் யந்திரமே அதனைக் கொண்டுவந்து வைத்தது. எங்கள் பாடசாலையில் கட்டுரை மனனம் செய்த மாணவனும் இப்படித்தான். பசுவைப் பற்றி எழுதச் சொன்னாலும் தனக்குப் பாடமான தென்னை மரத்தில் பசுவைக் கட்டிவிட்டுத் தென்னையைப் பற்றி எழுதுவான்.

அன்றியும், அது கற்ற எழுத்தில் ஆங்கிலம் கடல். தமிழ் ஒரு கேணி. அக்கேணியிலும் நெடுந்தீவாரும் நயினாதீவாரும் பேசும் பேச்சு ஒரு கைப்பிடி நீர். காணி உறுதி ஒன்றில் "நான்கு பரப்பு மூன்று குழி" என்றிருந்ததை ஆங்கிலத்தில் பெயர்க்கச் சொன்னபோது, பரப்பு என்பதைப் பொதுவான விஸ்தீரணம் என்றும், குழி என்பதைக் கிடங்கு என்றும் அது எழுதிய விந்தையை நான் நேரிற் கண்டேன். பதினெட்டுக் குழி ஒரு பரப்பு, பதினாறு பரப்பு ஓர் ஏக்கர் என்பது எங்கள் ஊர்ச் சிறுவனுக்குத் தெரியும். நாற்பத்திரண்டு பேர்ச் அளவில்லாத நிலத்தில் மூன்று கிடங்கு வெட்டிவைத்தது யந்திரம். சிரித்துவிட்டுப் போகலாம். ஆனால் அந்தப் பெயர்ப்பை வாசித்து வெளிநாட்டில் ஒருவர் அற்றோணித் தத்துவம் எழுதிக் கையொப்பமிட்டால் சிரிப்பு நின்றுவிடும்.

சட்ட விடயத்தில் இதனினும் பெரிய ஆபத்து உண்டு. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தில், தொடர்மாடி உரிமையாளர்க்கும் அவர்தம் சங்கத்துக்கும் இடையே எழும் பிணக்குகளை 2016 முதல் இணையவழியாக விசாரிக்கும் தீர்ப்பாயம் ஒன்று இயங்குகிறது. 2025 ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் அங்கே ஒரு வழக்கு. சங்கத்தின் அனுமதியின்றி வீட்டினுள் செய்யப்பட்ட மாற்ற வேலை பற்றிய தகராறு. உரிமையாளர் தம் வாதத்துக்குத் துணையாகப் பத்து முன்தீர்ப்புகளை எடுத்துக் காட்டினார். தீர்ப்பாயம் தேடிப் பார்த்தபோது அவற்றுள் ஒன்பது தீர்ப்புகள் உலகத்தில் இல்லை. மைக்ரோசொப்ட் நிறுவனத்தின் கோபைலட் என்ற யந்திரத்தோடு உரையாடிப் பெற்றவை அவை. வழக்கின் பெயர், ஆண்டு யாவும் பொருத்தமாகவே இருந்தன, வழக்குத்தான் இல்லை. எங்கள் சங்கத்துத் தம்பியும் ஒருமுறை தேசவழமைச் சட்டத்தின் கீழ்ப் பங்குக் கிணற்றுரிமை பற்றிக் கேட்டபோது ஒரு பிரிவிலக்கத்தைத் தயங்காமல் அது சொல்லிற்று. புத்தகத்தைப் புரட்டினால் அவ்விலக்கத்தில் வேறு விடயம் இருந்தது. அறியாததை அறியேன் என்று சொல்லும் பழக்கம் அதற்கு இன்னும் நன்றாக வரவில்லை. நம் ஊரிலும் அப்படிப்பட்ட பெரியவர்கள் உண்டு. ஆனால் அவர்கள் இன்னாரென்று நமக்குத் தெரியும்.

அதே தீர்ப்பாயம் 2024 பெப்ரவரியில் கொடுத்த இன்னொரு தீர்ப்பையும் சங்க நிர்வாகிகள் அறிந்திருத்தல் நன்று. எயார் கனடா விமான நிறுவனத்தின் இணையத்தளத்தில் பயணிகளுக்கு விடை சொல்லும் யந்திரம், உறவினர் இறந்து பயணம் செய்வோருக்கான கட்டணச் சலுகையைப் பற்றி ஒரு பயணிக்குத் தவறான தகவல் கொடுத்தது. நிறுவனமோ, அந்த யந்திரம் தன் செயலுக்குத் தானே பொறுப்பு என்ற வகையில் வாதித்துப் பார்த்தது. தீர்ப்பாயம் அதனை ஏற்கவில்லை. தளத்தில் உள்ளது எதுவாயினும் அதற்கு நிறுவனமே பொறுப்பு என்று சொல்லி நட்டத்தைக் கொடுக்கப் பணித்தது. கோடிக்கணக்கில் வருமானமுள்ள நிறுவனத்துக்குச் செல்லாத சாட்டு, மாதம் நூறு ரூபா சந்தா வாங்கும் சங்கத்துக்குச் செல்லுமா?

இனி, நாம் யந்திரத்துக்குக் கொடுப்பவை எவை என்ற கேள்விக்கு வருவோம். பறங்கியரும் ஒல்லாந்தரும் யாழ்ப்பாணத்தில் தோம்பு எழுதினார்கள். எந்த வளவு யாருக்கு, எத்தனை பரப்பு, எத்தனை பனை, என்ன இறை என்று எழுதிவைத்த பேரேடு அது. தோம்பு யார் கையில் இருந்ததோ அவர் கையில் ஊர் இருந்தது. இன்று எங்கள் சங்கங்களிடம் ஒரு புதிய தோம்பு சேர்ந்திருக்கிறது. எந்த வீடு பூட்டியிருக்கிறது, திறப்பு யாரிடம், உரிமையாளர் எந்த நாட்டில், எப்போது வருவார், உறுதி மூலப்பிரதி உண்டா இல்லையா, யார் மாதம் எவ்வளவு அனுப்புகிறார் — இத்தனையும் காரியதரிசியின் தொலைபேசியில் உண்டு. அதனை அப்படியே எடுத்து, ஒழுங்குபடுத்தித் தா என்று வெளிநாட்டு நிறுவனமொன்றின் யந்திரத்துக்குள் இடுவது எவ்வளவு எளிது! அது எங்கே தங்கும், எத்தனை காலம் தங்கும், அதனைக் கொண்டு யந்திரம் மேலும் கற்குமா என்பது அவ்வந்நிறுவனத்தின் நிபந்தனையைப் பொறுத்தது. ஆங்கிலத்தில் பல பக்கம் நீளும் அந்நிபந்தனையை எங்கள் ஊரில் வாசித்தவர் எவருமில்லை, நானும் வாசித்தவனல்லன்.

இலங்கையில் 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இயற்றப்பட்டிருக்கிறது. ஒருவரைப் பற்றிய விபரத்தை எக்காரியத்துக்காகப் பெற்றோமோ அக்காரியத்துக்கே பயன்படுத்த வேண்டும் என்பது அதன் அடிப்படைகளில் ஒன்று. தானியங்கி முறையில் மட்டும் எடுக்கப்பட்ட முடிவினால் பாதிக்கப்பட்டவர் அதனை மீளாய்வு செய்யுமாறு கோரலாம் என்றும் அச்சட்டம் எழுதியிருக்கிறது. கிணறு துப்புரவாக்கும் செலவுக்கென்று ஒருவர் கொடுத்த முகவரியை வேறெங்கும் கொட்டுவதற்குச் சங்கத்துக்கு உரித்தில்லை என்பதைக் காட்டச் சட்டம் இல்லாவிட்டாலும் நாகரிகம் போதும்.

எல்லாவற்றிலும் கடுமையான கேள்வி பங்கீட்டில்தான் பிறக்கிறது. வெளிநாட்டிலுள்ள ஊரவர் ஒரு தொகை அனுப்பி, கஷ்டப்படும் இருபது வீட்டுக்குக் கூரை திருத்திக் கொடுங்கள் என்றால், அந்த இருபது வீடு எவை? இங்கேதான் பலரும் யந்திரத்தை நாடுகிறார்கள். விபரங்களைக் கொடுத்தால் புள்ளி போட்டு வரிசைப்படுத்தித் தருமே, பக்கச்சார்பு என்ற பழி எங்களுக்கு வராதே என்கிறார்கள். நியாயம் போலத்தான் தோன்றும். ஆனால் 2023 இல் அஸ்வெசும நலன்புரித் திட்டம் வந்தபோது நாங்கள் கண்டதென்ன? அங்கே செயற்கை நுண்ணறிவுகூட இல்லை. கல்வி, சுகாதாரம், சொத்து, வீட்டு நிலைமை முதலியன பற்றிய 22 குறிகாட்டிகளைக் கொண்டு புள்ளி கணக்கிட்டார்கள். பட்டியல் வெளியானதும் நாடெங்கும் இலட்சக்கணக்கான மேன்முறையீடுகள் குவிந்தன. தீவகத்தில் இதற்கொரு விசேட காரணமும் உண்டு. கனடாக்காரரின் ஓட்டு வீட்டில், சீமெந்து நிலத்தில், வீட்டைக் காவல் காத்துக்கொண்டு ஒரு விதவைத் தாயார் இருப்பார். சுவரைப் பார்த்துப் புள்ளி போட்டால் அவர் செல்வந்தர். அடுப்பைப் பார்த்தவருக்கு உண்மை தெரியும். பட்டியலில் இல்லாத அந்த அடுப்பை யந்திரம் எப்படிக் காணும்?

வேறொரு நாட்டின் கதை இதற்குப் பொருந்தும். அந்நாட்டின் பெயரை எங்கள் தீவுகள் ஒரு வகையில் இன்னும் சுமக்கின்றன. ஒல்லாந்தர் 1658 இல் யாழ்ப்பாணத்தைப் பிடித்தபின் தீவுகளுக்குத் தம் ஊர்ப் பெயர்களைச் சூட்டினார்கள். நெடுந்தீவு டெல்ப்ற் ஆயிற்று, ஊர்காவற்றுறையும் வேலணையும் சேர்ந்த தீவு லெய்டன், நயினாதீவு ஹார்லெம், புங்குடுதீவு மிடல்பேர்க், அனலைதீவு ரொட்டர்டாம். அந்த ஒல்லாந்து தேசத்தில், பிள்ளைப் பராமரிப்புக்கு அரசு தரும் உதவிப் பணத்தில் மோசடி செய்பவர் யாரென்று கண்டுபிடிக்க வரித் திணைக்களம் ஒரு கணிப்பொறி முறையைக் கையாண்டது. ஆபத்தானவர் என்று அது பொறுக்கியெடுத்த விண்ணப்பங்கள் தீவிர விசாரணைக்குப் போயின. நாட்டுரிமையையும் அது ஓர் அளவுகோலாகக் கொண்டிருந்தது. சிறு எழுத்துப் பிழைக்கும் முழுத் தொகையையும் திருப்பிக் கட்டச் சொன்னார்கள். பல்லாயிரம் குடும்பங்கள் மோசடிக்காரர் என்ற பெயரோடு கடனில் அமிழ்ந்தன. அவர்களுட் பெரும் பகுதியினர் வெளிநாட்டு வேருடையவர்கள். ஏன் என்று கேட்டவர்க்கு அலுவலரால் விடை சொல்ல முடியவில்லை. உண்மை வெளிவந்தபோது 2021 ஜனவரியில் பிரதமர் மார்க் ருட்டேயின் அரசாங்கமே பதவி துறந்தது. அவ்வாண்டு டிசம்பரில் அந்நாட்டுத் தரவுப் பாதுகாப்பு அதிகாரசபை வரித் திணைக்களத்துக்கு 27 இலட்சத்து 50 ஆயிரம் யூரோ தண்டம் விதித்தது.

எங்கள் சங்கத்தில் பதவி துறக்க வேண்டிய அமைச்சர் எவருமில்லை. ஆனால் கூரைப் பட்டியலில் விடுபட்ட ஒரு தாய், ஏன் தம்பி என்னை விட்டுப்போட்டியள் என்று கேட்டால், கம்பியூட்டர் அப்படிச் சொன்னது அம்மா என்பது பதிலாகாது. இன்னாருக்கு இன்ன காரணத்தால் முதலில் கொடுத்தோம் என்று முகத்தைப் பார்த்துச் சொல்லத்தக்க முடிவையே சங்கம் எடுக்க வேண்டும். பக்கச்சார்பு என்ற பழியிலிருந்து தப்புவதற்கு யந்திரத்தின் பின்னால் ஒளிவதை என் மனம் ஒப்பவில்லை. பக்கச்சார்பு உண்மையில் இருந்தால் அதனைக் கூட்டத்தில் எழுந்து நின்று கேட்க இடமுண்டு. யந்திரத்தைக் கேட்க இடமேது?

வேலிச் சங்கதிக்குப் பின் எங்கள் சங்கம் யந்திரத்தை ஒதுக்கிவிடவில்லை. அப்படிச் செய்யலாமென்று சிலர் சொன்னார்கள், நான் சம்மதிக்கவில்லை. தம்பியின் ஒரு கிழமை வேலை மிச்சமாவது சிறிய உதவியன்று. அவர் சலித்துக் கைவிட்டால் அடுத்த காரியதரிசி கிடைப்பதும் அரிது. ஒலிப்பதிவு செய்வதாயின் கூட்டம் தொடங்குமுன் அறிவித்துச் சம்மதம் பெறுவதென்று முடிவு செய்தோம். யந்திரம் எழுதித் தரும் அறிக்கை வெறும் வரைவு. காரியதரிசியும் கூட்டத்துக்கு வந்த இன்னொருவரும் ஒலிப்பதிவோடு அதனை ஒத்துப் பார்த்து, தீர்மானங்களை மட்டும் பழைய கொப்பியில் பேனாவால் எழுதுகிறார்கள். அக்கொப்பியே அறிக்கை. அதனைத் தலைவர் உரத்து வாசித்த பின்னர்தான் வாட்ஸ்அப்பில் எதுவும் போகலாம். சட்டம் பற்றி யந்திரம் எதைச் சொன்னாலும் நொத்தாரிசிடமோ சட்டத்தரணியிடமோ கேட்காமல் எழுதுவதில்லை. உறுதி, அடையாள அட்டை, வங்கி இலக்கம், திறப்பு யாரிடம் என்ற விபரம் இவை நான்கும் யந்திரத்துக்குள் போகலாகாது. வெளியே போகும் கடிதத்தில் அது எழுதிய பகுதி இருந்தால் அதனை மறைப்பதுமில்லை.

பங்கீட்டு விடயத்தில் யந்திரம் விபரங்களை அட்டவணையாக்கலாம் என்றும், புள்ளி போடலாகாது என்றும் மாதர் சங்கத்தார் கேட்டுக்கொண்டனர். வீடு வீடாகப் போய்ப் பார்க்கும் வேலையையும் அவர்களே ஏற்றுக்கொண்டார்கள். இப்பொறுப்பை ஆண்கள் சங்கம் ஏற்காமற் போனது ஏனென்று நான் கேட்டேன். ஒருவரும் பதில் சொல்லவில்லை.

உரத்து வாசிக்கும் வழக்கம் முதலில் பலருக்குப் பிடிக்கவில்லை. இருபது நிமிடம் வீணாகிறது, கடைசி வள்ளம் போய்விடும் என்று அக்கரையிலிருந்து வந்தவர்கள் முணுமுணுத்தனர். இப்போது வாசிப்பு நடக்கும்போது பின்வரிசையில் இருந்து, "அது அப்பிடியில்லை, நான் சொன்னது வேற" என்று குரல் எழுகிறது. அந்தக் குரல் எழும்போதெல்லாம் தம்பி பேனாவை எடுத்து வெட்டி எழுதுகிறார்.

வேலி இன்னும் அதே இடத்திலேயே சாய்ந்து நிற்கிறது. நில அளவையாளர் ஒருவரை வைத்து அளப்பதற்கு இரு பகுதியாரும் சம்மதித்திருக்கிறார்கள். ஆனி மாதம் நயினை அம்பாளின் திருவிழாவுக்கு வரும்போது தாமே நேரில் நிற்பதாக ஸ்காபரோக்காரர் எழுதியிருக்கிறார். அதுவரை எங்கள் கொப்பியில் அவ்விடயத்துக்கு எதிரே 'பிற்போடப்பட்டது' என்ற ஒரு சொல் மாத்திரம், அப்பு பார்த்துச் சரியென்று சொன்ன பின்னர், பேனாவால் எழுதப்பட்டிருக்கிறது.